கழற்றி மாட்டும் திறன்பேசி ஏன் நிலைக்கவில்லை?

#1 மேசைக்கணினிக்காரன்

என் மேசையில் இருக்கும் கணினிப் பெட்டியை வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்று அதற்குள் இருந்தவற்றில் மின்வழங்கியும் இரண்டு விசிறிகளும் மட்டுமே இன்று எஞ்சியிருக்கின்றன. முதலில் ரேமைக் கூட்டினேன். பிறகு சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். அடுத்து கிராபிக்ஸ் கார்டு. கடைசியாக மதர்போர்டும் பிராசசரும். இதே காலத்தில் ஐந்து திறன்பேசிகளை முழுதாக வாங்கி முழுதாகவே ஒதுக்கியிருக்கிறேன். அவற்றில் மூன்றில் ஒரே ஒரு பகுதிதான் தளர்ந்திருந்தது.

2013 செப்டம்பரில் டேவ் ஹாக்கன்ஸ் என்ற டச்சு வடிவமைப்பாளர் போன்பிளாக்ஸ் என்ற பெயரில் ஒரு காணொளி வெளியிட்டது பலருக்கு நினைவிருக்கலாம். துளையிட்ட ஒரு பலகை. அதில் பிராசசர் ஒரு கட்டி, பேட்டரி ஒரு கட்டி, கேமரா ஒரு கட்டி என்று குத்தி நிறுத்தலாம். எது பழையதாகிறதோ அதை மட்டும் பிடுங்கி மாற்றலாம். அடுத்த மாதமே மோட்டோரோலா இதே போக்கில் புராஜெக்ட் ஆராவை அறிவித்தது. ஐந்தாண்டுகளில் இது சாதாரணமாகிவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

அது ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் "நிறுவனங்களின் பேராசை" என்ற ஒற்றை விடைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. எனக்கு அதில் நிறைவு இல்லை. கணினித் தொழிலில் மட்டும் பேராசை குறைவா? அங்கே பெட்டி பூட்டப்படாமல் இருக்கும்போது இங்கே மட்டும் பூட்டப்பட்டது எதனால்? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுத வேண்டுகிறேன்.

#2 சாலிடர்முனை

பதினான்கு ஆண்டுகளாகக் கைப்பேசிப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஆகவே போர்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு திறன்பேசியின் போர்டை வெளியே எடுத்து, மேலே ஒட்டியிருக்கும் தகரக் கவசத்தை வெப்பக் காற்றில் இளக்கித் தூக்கினால் நடுவில் ஒரு கருஞ்சதுரம் தெரியும். பிராசசர் என்று விரல் வைத்துக் காட்டுவது அதைத்தான். பல மாடல்களில் கண்ணுக்குத் தெரியும் அந்த மேற்பரப்பு உண்மையில் ரேமுடையது. பிராசசர் அதற்கு அடியில் படுத்திருக்கிறது. ஒன்றின் முதுகில் மற்றொன்றை ஏற்றி, இடையே கடுகைவிடச் சிறிய நூற்றுக்கணக்கான சாலிடர் உருண்டைகளால் இணைத்து, ஓரங்களில் பசை பாய்ச்சி இறுக்கியிருப்பார்கள். பழுதுக்காக அதைப் பிரிக்க வேண்டிய நாளில், கத்தி நுனியால் பசையைச் சிறிது சிறிதாகச் சுரண்டிய பிறகு மேல் சிப்பைத் தூக்கும் அந்த நொடியில், அடியிலிருக்கும் தடங்கள் பிய்ந்து வந்துவிடக் கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொள்வோம். அவ்வளவு நெருக்கம் அது.

இந்த நெருக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே தரவு ஓடும் வேகத்தில், கம்பி ஒரு மில்லிமீட்டர் நீண்டாலும் அதற்கு மின்சாரச் செலவு உண்டு. நடுவில் கழற்றி மாட்டும் இணைப்பி ஒன்றை வைத்தால், சிக்னல் அங்கே சிறிது சிதறும். சிதறலை ஈடுகட்ட இன்னும் வலுவாக அனுப்ப வேண்டும். அதற்கு இன்னும் மின்சாரம் வேண்டும். செலவான மின்சாரம் வெப்பமாக வெளிவரும். மேசைக்கணினியில் ஒன்றிரண்டு வாட் வீணானால் யாரும் கவனிப்பதில்லை, ஏனெனில் அங்கே சுவரிலிருந்து நூற்றுக்கணக்கான வாட் வந்துகொண்டிருக்கிறது, காற்றை வெளியே தள்ள விசிறியும் இருக்கிறது. திறன்பேசி கையில் சுடாமல் தொடர்ந்து தாங்கக்கூடியதே மொத்தமாகச் சில வாட்தான்.

நீங்கள் சொன்ன பன்னிரண்டு ஆண்டுக் கதையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ரேம், பிராசசர், கிராபிக்ஸ் என்று மாற்றியிருக்கிறீர்கள். திறன்பேசியில் இவை எல்லாமும், பெரும்பாலான மாடல்களில் கைப்பேசி வலையோடு பேசும் மோடமும் சேர்ந்து, அந்த ஒரே கருஞ்சதுரத்துக்குள் அடங்கியிருக்கின்றன. ஆக நீங்கள் மாற்ற விரும்புவது எதுவோ அதுதான் பிரிக்க முடியாதது. பிரிக்க முடிந்தவை பேட்டரி, திரை, கேமரா, ஸ்பீக்கர், சார்ஜிங் போர்டு. அவற்றை நான் தினமும் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

#3 ஈரக்கை

மெலிவும் நீர்காப்பும் வேண்டுமானால் மூடித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் சாம்சங் கேலக்ஸி எஸ்5-ஐ மறந்துவிடுகிறார்கள். 2014-இல் வந்த அந்தத் திறன்பேசியின் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து பேட்டரியை மாற்றலாம். ஆயினும் அது நீரும் தூசியும் புகாததற்கான ஐபி67 தரம் பெற்றிருந்தது. அடுத்த ஆண்டின் எஸ்6 கண்ணாடி முதுகோடு மூடப்பட்டு வந்தது. மெமரி கார்டு இடம் போயிற்று, பேட்டரி மாற்றும் வசதி போயிற்று, இவ்வளவுக்கும் ஈடாக நீர்காப்பாவது மிஞ்சியதா என்றால் அதுவும் போயிற்று. முடியாததால் கைவிட்டார்கள் என்று இனி யாராவது சொன்னால் நான் எப்படி ஏற்பது?

#4 சாலிடர்முனை

ஏற்க வேண்டியதில்லை. பேட்டரிக்கு வேண்டியது சில தொடுமுனைகள். அதில் நுட்பச் சிக்கல் எதுவும் கிடையாது. நான் முடியாது என்றது ரேமையும் பிராசசரையும் பற்றி. "பழுதானதை மாற்றுவது", "பழையதை மேம்படுத்துவது" என்ற இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டதுதான் இந்த விவாதத்தில் தொடக்கத்திலிருந்தே இருக்கும் குழப்பம் என்று நினைக்கிறேன்.

#5 பழங்கணக்கு

குழப்பம் 2013-க்கும் முந்தையது. கையடக்கக் கணினிகள் செய்த பாம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களே வெளியேறி ஆரம்பித்த ஹாண்ட்ஸ்பிரிங், 1999-இல் விசர் என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. அதன் முதுகில் ஸ்பிரிங்போர்டு என்று ஒரு பள்ளம். அதில் கேமரா, நினைவகம் என்று எதையும் செருகலாம். தொலைபேசியையே ஒரு செருகியாக, விசர்போன் என்ற பெயரில் விற்றார்கள். பின்னர் அதே நிறுவனம் தொலைபேசியை உள்ளேயே கட்டி ட்ரியோ என்ற கருவியைக் கொண்டுவந்தபோது, அதில் அந்தப் பள்ளம் இல்லை. எல்லோருக்கும் தேவைப்படும் செருகி மெல்ல உடலோடு சேர்ந்துவிடும், சிலருக்கு மட்டும் தேவைப்படும் செருகிக்காக எல்லோருடைய போனிலும் பள்ளம் வைக்க மாட்டார்கள் என்ற இந்தப் போக்கை அதன்பின் ஒவ்வொரு முயற்சியிலும் பார்க்கலாம்.

2008-இல் இஸ்ரேலின் மொடு வந்தது. யூஎஸ்பி பிளாஷ் டிரைவை உருவாக்கியவர்களில் ஒருவரான டோவ் மோரான் தொடங்கிய நிறுவனம். தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய ஒரு போன், அதை வெவ்வேறு உறைகளுக்குள் நுழைத்தால் வெவ்வேறு கருவியாகும். 2011-இல் கடையைக் கட்டினார்கள். காப்புரிமைகளைக் கூகுள் வாங்கிக்கொண்டது.

ஆராவின் கதை இவை எல்லாவற்றையும்விடப் பாடம் நிறைந்தது. கூகுள் மோட்டோரோலா மொபிலிட்டியை லெனோவோவுக்கு விற்றபோதும் ஆராவை உருவாக்கிய ஆய்வுப் பிரிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பால் எரெமென்கோ திட்டத்தை நடத்தினார். எலும்புக்கூடு போன்ற உலோகச் சட்டகம், அதன் கட்டங்களில் நுழையும் பகுதிகள், அவற்றைப் பிடித்து நிறுத்த மின்நிலைக் காந்தங்கள். அந்தக் காந்தத்துக்குப் பற்றவும் விடவும் மட்டுமே மின்சாரம் வேண்டும், பற்றிக்கொண்டே இருக்க வேண்டாம், அழகான யோசனை. அடிப்படை போனின் உற்பத்திச் செலவு 50 டாலர் அளவில் இருக்க வேண்டும் என்பது இலக்கு. 2015-இல் புவேர்ட்டோ ரிக்கோவில் சோதனை விற்பனை என்றார்கள், அது நடக்கவில்லை. 2016 மே மாதம் திருத்திய வடிவத்தைக் காட்டினார்கள். அதில் பிராசசர், திரை, பேட்டரி, ஆன்டெனா எல்லாம் சட்டகத்துக்குள் நிலையாகக் கட்டப்பட்டிருந்தன. மாற்றக்கூடியவற்றுக்கு ஆறு இடங்கள் விடப்பட்டிருந்தன. அதே செப்டம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. உலகின் தேர்ந்த பொறியாளர்கள் மூன்றாண்டு முயன்று வந்து சேர்ந்த இடம், சாலிடர்முனை இரண்டாம் பதிவில் சொன்ன அதே இடந்தான்.

அந்த 2016-இல் எல்ஜி ஜி5-ம் வந்தது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் அடிப்பகுதி இழுப்பறை போல வெளியே வரும், பேட்டரி அதிலேயே தொங்கிக்கொண்டு வரும். பேட்டரியை விடுவித்துக் கேமராப் பிடியிலோ ஒலிப்பகுதியிலோ பொருத்தி உள்ளே தள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் போன் அணைந்து மறுபடி உயிர்பெற வேண்டும். நல்ல படம் எடுப்பதற்கான பிடியை மாட்டுவதற்குள் எடுக்க நினைத்த காட்சி போய்விடும் என்பதை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள் என்று நம்புவது கடினம். மறு ஆண்டின் ஜி6 முழுக்க மூடப்பட்டு, ஐபி68 நீர்காப்போடு வந்தது. மோட்டோரோலாவின் மோட்டோ இசட் வரிசை மட்டுமே 2016 முதல் 2019 வரை தாக்குப்பிடித்தது. முதுகில் காந்தத்தால் ஒட்டும் பகுதிகள், பதினாறு தொடுமுனைகள், போனை அணைக்கத் தேவையில்லை.

#6 இயக்கிநிரல்

வன்பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் உட்பொதி மென்பொருள், அதாவது கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள், எழுதுபவன். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மேசைக்கணினியில் ஒரு கார்டைச் செருகினால், "நான் இன்னார், என்னிடம் இவ்வளவு நினைவகம் இருக்கிறது, எனக்கு இன்ன இயக்கி மென்பொருள் வேண்டும்" என்று அது தானே அறிமுகம் செய்துகொள்ளும். பல்லாண்டு உழைப்பில் உருவான ஏற்பாடு அது. திறன்பேசி உலகில் அந்தப் பழக்கம் பெரும்பாலும் இல்லை. எந்த முகவரியில் எந்தச் சிப் இருக்கிறது, எந்தத் தொடுமுனை எதற்கு என்ற பட்டியல் அந்த மாடலுக்கென்றே எழுதப்பட்டு மென்பொருளோடு சேர்த்துக் கட்டப்படுகிறது. பட்டியலில் இல்லாத ஒன்றைச் செருகினால், அது இருப்பதே போனுக்குத் தெரியாது.

கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்சாரை மாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த லென்ஸின் ஓரங்களில் எவ்வளவு இருள் படியும், எந்த ஒளியில் வெள்ளை எந்தப் பக்கம் சாயும், குவியத்துக்கு மோட்டார் எவ்வளவு நகர வேண்டும் என்பதெல்லாம் அட்டவணைகளாக உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. அட்டவணை இல்லாத கேமரா படம் எடுக்கும். முகம் பச்சையாக வரும்.

முடியவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆம்ஸ்டர்டாமின் ஃபேர்போன் நிறுவனம் 2020-இல் 3+ மாடலை வெளியிட்டபோது, அதன் புதிய கேமராப் பகுதிகளை முந்தைய ஃபேர்போன் 3 வைத்திருந்தவர்களும் வாங்கி, திருகாணியைக் கழற்றித் தாங்களே பொருத்திக்கொள்ள முடிந்தது. பின் கேமரா 12 மெகாபிக்சலிலிருந்து 48 ஆயிற்று. உண்மையான மேம்படுத்தல் என்று தயங்காமல் சொல்லத்தக்கது அது. ஆனால் போன், பகுதி இரண்டையும் ஒரே நிறுவனம் வைத்திருந்து, மென்பொருளையும் அதுவே எழுதியதால் நடந்தது. யார் வேண்டுமானாலும் பகுதி செய்யலாம் என்ற சந்தையில் அந்த அட்டவணையை யார் எழுதுவார்?

இன்னொரு முட்டுக்கட்டை சிப் நிறுவனத்திடம் இருக்கிறது. ஃபேர்போன் 2 ஆண்ட்ராய்டு 5-உடன் விற்பனைக்கு வந்தது. அதிலிருந்த ஸ்னாப்டிராகன் 801 சிப்புக்கு ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு அதைச் செய்த குவால்காமின் ஆதரவு இல்லை. அந்தச் சிறிய நிறுவனம் தானே மல்லுக்கட்டி அதை ஆண்ட்ராய்டு 10 வரை இழுத்துச் சென்று, 2023 வரை புதுப்பிப்பு கொடுத்தது. பட்ட பாட்டின் விளைவு ஃபேர்போன் 5-இல் தெரிகிறது: நீண்ட கால ஆதரவு கிடைக்கும் என்பதற்காகவே தொழிற்துறைக் கருவிகளுக்கான ஒரு சிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். திருகாணிகளைவிட அந்தத் தேர்வுதான் அந்த போனின் ஆயுளை நீட்டுகிறது என்பது என் கருத்து.

ஒரு துணுக்கு: செருகியவுடன் பகுதிகள் தம்மை அறிமுகம் செய்துகொள்ள ஆராவுக்காக எழுதப்பட்ட கிரேபஸ் என்ற நெறிமுறை, திட்டம் நின்ற பிறகு, 2016 டிசம்பரில் வெளியான லினக்ஸ் இயங்குதள மையமான 4.9 கெர்னலில் இடம்பெற்றது. வீடு இடிந்த பிறகு வாசற்கதவு வந்து சேர்ந்தது போல.

#7 முதுகுச்சுமை

காந்த முதுகு கொண்ட ஒரு போனை மூன்றாண்டு பயன்படுத்தியவன் நான். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை.

மூன்று பகுதிகள் வாங்கினேன்: கூடுதல் பேட்டரி, ஸ்பீக்கர், புரொஜெக்டர். முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒட்டும்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும். திரையில் உடனே அதன் பெயர் தோன்றும். எதையும் அமைக்க வேண்டாம். அந்த நேர்த்தியைக் காட்டுவதற்காகவே நண்பர்கள் முன்னால் பத்து முறை கழற்றி மாட்டியிருப்பேன்.

புரொஜெக்டரை மொத்தமாக ஏழெட்டு முறை ஓட்டியிருப்பேன். ஸ்பீக்கர் நன்றாக இருந்தது. ஆனால் அது பாடும்போது போனும் அதோடு ஒட்டிக்கொண்டு மேசையில் கிடக்கும், அழைப்பு வந்தால் பாட்டோடு தூக்கிக் காதில் வைக்க முடியாது. பிற்பாடு ஒரு சாதாரண புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். அது இன்றும் என்னிடம் இருக்கும் மூன்றாவது போனோடு பாடிக்கொண்டிருக்கிறது. காந்த ஸ்பீக்கர் அலமாரியில் இருக்கிறது. அதில் பழுது எதுவும் இல்லை, ஒட்டுவதற்கு முதுகுதான் இல்லை. பேட்டரியைத் தினமும் பயன்படுத்தினேன், ஆனால் தினமும் பயன்படுத்தும் பேட்டரியை ஏன் போனுக்குள்ளேயே பெரிதாக வைக்கக் கூடாது என்று ஒருநாள் தோன்றியது. தோன்றிய பிறகு அந்த எண்ணம் விடவில்லை.

மூன்றாம் ஆண்டில் போன் தடுமாறத் தொடங்கியது. செயலிகள் திறக்கத் தாமதம், கேமரா திறக்கத் தாமதம். ரேம் போதவில்லை என்று தெரிந்தது. முதுகில் மாட்டக் கடையில் பத்துப் பொருள்கள் இருந்தன, அந்தக் குறைக்கு ஒன்றுமில்லை.

#8 மேசைக்கணினிக்காரன்

கடைசிப் பத்தி என்னை மௌனமாக்கிவிட்டது. ஆனாலும் என் முதல் கேள்வியின் பாதி இன்னும் நிற்கிறது. கணினிக்கு ஒரு பொதுத் தரம் அமைந்ததே. 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுகளை வைத்து இன்றும் பெட்டி செய்கிறார்கள், யார் செய்த போர்டும் அதில் உட்காருகிறது. போன் நிறுவனங்கள் கூடி இப்படி ஒன்றை வகுக்கத் தடையாக இருந்தது எது?

#9 வரவுசெலவு

கணினியிலும் யாரும் கூடி உட்கார்ந்து தொடங்கவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். 1981-இல் ஐபிஎம் அவசரமாகச் சந்தையில் கிடைத்த பாகங்களை வைத்துத் தன் கணினியைக் கட்டியது. மற்றவர்கள் அதை நகலெடுத்தார்கள். கதவு திறந்தது தற்செயலாக. 1987-இல் ஐபிஎம் பிஎஸ்/2 கணினிகளில் மைக்ரோ சானல் என்ற தன் உரிமைக்குட்பட்ட இணைப்பைக் கொண்டுவந்து கதவைச் சாத்தப் பார்த்தது. அதற்குள் நகல் செய்பவர்கள் வளர்ந்துவிட்டார்கள். சந்தை ஐபிஎம்மைத் தனியே விட்டுவிட்டுப் போய்விட்டது. ஆகவே உங்கள் பெட்டி திறந்திருப்பதற்குப் பெருந்தன்மை காரணமல்ல, சாத்த முயன்றவரால் முடியவில்லை. போனில் அப்படி ஒரு கதவு எப்போதும் திறக்கப்படவே இல்லை.

தரம் ஒன்று வகுத்தாலும் கணக்கு எப்படி வரும் என்று பாருங்கள். இணைப்பி, பகுதிக்குப் பகுதி ஓர் உறை, இடைவெளி, பிடிமானம், ஒவ்வொன்றுக்குள்ளும் பேச்சுவார்த்தை நடத்த ஒரு சிறு சிப் ஆகிய இவற்றின் செலவையும் கனத்தையும் ஒவ்வொரு போனும் சுமக்கும். வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஒரு பகுதியைக்கூட மாற்றப்போவதில்லை. மாற்றப்போகும் சிலருக்காக மாற்றாத அனைவரும் விலை கொடுக்கிறார்கள். பக்கத்திலேயே அதே விலையில் மெலிதான, பெரிய பேட்டரி கொண்ட, மூடிய போன் இருக்கிறது. கை எதை எடுக்கும்?

பகுதி செய்யும் நிறுவனம், போன் எத்தனை கோடி விற்கிறது என்று காத்திருக்கும். போன் வாங்குபவர், எத்தனை பகுதிகள் வருகின்றன என்று காத்திருப்பார். இந்தக் காத்திருப்பை உடைக்க ஒருவர் நீண்ட காலம் நட்டம் தாங்க வேண்டும். அப்படித் தாங்கினாலும் அடுத்த சிக்கல் வரும்: அளவு உறைந்துபோகும். முந்தைய பகுதிகள் பொருந்த வேண்டும் என்றால் போனின் நீளம், அகலம், கேமரா இருக்கும் இடம் எதையும் மாற்ற முடியாது. திரை விளிம்புகள் சுருங்கி உலகமே வேறு உருவத்துக்கு நகர்ந்த அதே ஆண்டுகளில், மோட்டோ இசட் வரிசை முதல் போனின் முதுகுக்குக் கட்டுப்பட்டு நின்றது. வாக்குறுதியைக் காப்பாற்றினால் போன் பழையதாகத் தெரியும், மீறினால் பகுதிகளை வாங்கியவர்கள் ஏமாந்தவர்கள் ஆவார்கள். மோட்டோரோலா காப்பாற்றியது, அதற்கு விலையும் கொடுத்தது.

அதிகம் பேசப்படாத ஒன்றையும் சேர்க்கிறேன். பழைய போனை முழுதாக விற்றால் அதை வாங்கி இன்னொருவர் இரண்டாண்டு பேசுவார். பிராசசரை மட்டும் பிடுங்கி மாற்றினால் கையில் மிஞ்சும் பழைய பிராசசர் கட்டியை யாரிடம் விற்பீர்கள்? அதைச் செருகும் சட்டகம் வைத்திருப்பவரும் உங்களைப் போலப் புதியதைத்தானே தேடுவார்? குப்பை குறையும் என்ற வாதம் நான் நினைத்த அளவு எளிதாக இல்லை என்பதை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன்.

#10 ஈரக்கை

மேம்படுத்தல் விஷயத்தில் என் எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எல்லாப் பழியையும் இயற்பியல் மீது ஏற்றிவிட்டு நிறுவனங்களை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒரே மாடலின் இரண்டு போன்களை எடுத்து, ஒன்றின் அசல் திரையை மற்றொன்றில் பொருத்தினால் "இது எங்கள் பாகமா என்று தெரியவில்லை" என்று எச்சரிக்கை காட்டும்படி, பாகத்தின் வரிசை எண்ணைப் போர்டோடு முடிச்சுப் போட்டு வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதில் எந்த மில்லிமீட்டர் சிக்கலும் இல்லை. பேட்டரியைத் தட்டோடு ஒட்டும் பசையும் அப்படித்தான். அங்கே கழற்றி மாட்டும் போன் வராதது முடியாமையால் என்றால், இங்கே பழுதுபார்க்க விடாதது விருப்பத்தால்.

#11 சாலிடர்முனை

முழுமையாக உடன்படுகிறேன். என் மேசைக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தேவை நான்கில் ஒன்று: பேட்டரி, திரை, சார்ஜிங் துளை, பின் கண்ணாடி. பிராசசரை மாற்றித் தாருங்கள் என்று இந்தப் பதினான்கு ஆண்டுகளில் இரண்டு பேர் கேட்டிருப்பார்கள். இருவரும் கணினி கட்டுபவர்கள். (மேசைக்கணினிக்காரன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) போன்பிளாக்ஸ் காணொளிக்குக் கைதட்டிய அத்தனை பேரும் உண்மையில் கேட்டது "என் போன் ஒரு பேட்டரிக்காகச் சாக வேண்டாம்" என்பதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு ஆறு கட்டங்களும் மின்நிலைக் காந்தமும் தேவைப்பட்டிருக்கவில்லை. இழுத்தால் விடும் பசையும், ஒரே அளவுத் திருகாணியும், அசல் உதிரிபாகமும் போதும்.

அந்தப் பக்கத்தில் சட்டம் சற்று நகர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் திறன்பேசிகளுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழாண்டு வரை முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். இயங்குதளப் புதுப்பிப்பு குறைந்தது ஐந்தாண்டு வர வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற விதியும் அமலுக்கு வருகிறது. ஆனால் திறன்பேசி விதிகளுக்குள் ஒரு சந்து இருக்கிறது: பேட்டரி ஆயிரம் சார்ஜ் சுழற்சிக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைத்து, கருவி நீரும் தூசியும் புகாததாக இருந்தால், பயனரே மாற்றும் வசதி இல்லாமல் தொழில்முறையாளர் மாற்றும்படி வைத்துக்கொள்ளலாம். உயர்விலை போன்கள் அந்தச் சந்து வழியாகப் போகும் என்று எதிர்பார்க்கிறேன். எனினும் ஆயிரம் சுழற்சி தாங்கும் பேட்டரி என்பதே வாங்குபவருக்குச் சின்ன ஆதாயம் இல்லை.

#12 மேசைக்கணினிக்காரன்

கோபம் இல்லை, அந்த இருவரில் ஒருவர் என் உறவினராகவும் இருக்கலாம்.

ஒரே ஒரு ஐயம் மிஞ்சுகிறது. மோட்டோ இசட்3-க்கு 5ஜி தரும் முதுகுப் பகுதி ஒன்று வந்ததல்லவா? 4ஜி போன் ஒரு பகுதியை ஒட்டியதும் 5ஜி ஆகிறது என்றால், நான் கனவு கண்ட மேம்படுத்தல் அதுதானே? அது ஒன்றாவது வென்றிருக்க வேண்டாமா?

#13 பழங்கணக்கு

நல்ல கேள்வி. அதைத் திறந்து பார்த்தால் இந்த இழையில் பேசியது அத்தனையும் உள்ளே இருக்கும்.

2018 ஆகஸ்டில் இசட்3-ஐ அறிவித்தபோதே "5ஜிக்கு மேம்படுத்தத்தக்க போன்" என்றுதான் விளம்பரம் செய்தார்கள். 2019 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைபேசிச் சேவை நிறுவனமான வெரைசன் சிகாகோவிலும் மினியாபொலிசிலும் 5ஜி தொடங்கியபோது அந்தப் பகுதி பயனுக்கு வந்தது. போனுக்குள் இருந்த மோடத்தை வெளியிலிருந்து மாற்ற வழியில்லை என்பதால், புதிய மோடத்தை முதுகுப் பகுதிக்குள்ளேயே வைத்தார்கள். அந்த 5ஜி அலைவரிசைக்கென்று தனி ஆன்டெனாக்கள் வேண்டும். அவற்றையும் அதற்குள்ளேயே வைத்தார்கள். உயர் அதிர்வெண் அலை விரலுக்கு மிக அருகில் பாயக் கூடாது என்பதற்காக, விரல் நெருங்கினால் அந்தப் பக்கத்து ஆன்டெனாவை அணைக்கும் உணரிகளைச் சேர்த்தார்கள். இத்தனைக்கும் மின்சாரம் கொடுக்கப் போனின் பேட்டரி போதாது. ஆகவே 2000 எம்ஏஎச் பேட்டரி ஒன்று தனியாக. மோடத்தை ஓட்டுவதற்கு ஒரு பிராசசரும் தேவைப்பட்டது.

இசட்3-இல் இருந்தது ஸ்னாப்டிராகன் 835. அதன் முதுகில் ஒட்டிய பகுதிக்குள் இருந்தது அதைவிடப் புதிய ஸ்னாப்டிராகன் 855.